எங்கள் ஊர் இன்னிசைக் குழுவும் கலைக்களஞ்சியத்தின் வாசலும்

கடந்த ஆண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை நீக்கிவிடலாம் என்று அதன் உரையாடல் பக்கத்தில் எழுதினேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரின் இன்னிசைக் குழுவைப் பற்றிய கட்டுரை அது. என் அக்காவின் திருமண வரவேற்பில் கச்சேரி செய்தது அந்தக் குழுதான். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோவில் திடலில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் பாடியிருக்கிறார்கள். ஒரு கிதாரை நான் முதன்முதலில் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தது அவர்களுடைய மேடையின் பின்புறத்தில், தென்னந்தட்டி மறைப்பின் இடுக்கு வழியாகத்தான். அப்படிப்பட்ட குழுவைப் பற்றி யாரோ ஓர் இளைஞர் அன்போடு எழுதிய ஏழு வரிகளை நீக்கச் சொன்னேன். சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று அன்று எழுந்து போனேனே, அது தவறு. அந்தத் தவறைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அந்த ஏழு வரிகளில் குழு தொடங்கிய ஆண்டு இருந்தது, நிறுவியவரின் பெயர் இருந்தது, தென்மாவட்டங்களின் முன்னணி இன்னிசைக் குழு என்ற வாக்கியம் இருந்தது, நிகழ்ச்சிக்கு அணுக இரண்டு கைப்பேசி எண்களும் இருந்தன. சான்று ஒன்றுகூட இல்லை. நீக்கச் சொல்வதற்கு முன் மூன்று மாலைப்பொழுதுகள் நானே தேடிப் பார்த்தேன். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் எங்கள் ஊர்ப் பொங்கல் விழா ஆண்டுதோறும் செய்தியாகியிருக்கிறது. முளைப்பாரி எடுத்தவர்களின் எண்ணிக்கை உண்டு, அன்னதானத்தைத் தொடங்கிவைத்தவரின் பெயர் உண்டு, தக்கார் பெயரும் விழாக் குழுவினர் அனைவரின் பெயரும் உண்டு. கடைசி வரி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: இரவு இன்னிசைக் கச்சேரி நடைபெற்றது. கச்சேரி செய்த குழு எது என்று ஓர் ஆண்டுச் செய்தியிலும் இல்லை. கால் நூற்றாண்டாக ஓர் ஊரையே விடிய விடிய உட்காரவைத்தவர்கள் அச்சில் நடைபெற்றது என்ற ஒரு வினைக்குள் மறைந்துபோயிருந்தார்கள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பொருளுக்குத் தனிக்கட்டுரை வேண்டுமானால் அது குறிப்பிடத்தக்கமை என்ற அளவைத் தாண்ட வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது, தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இரண்டிலும் இந்தச் சொல்லைப் போலப் பலருடைய மனத்தைப் புண்படுத்திய சொல் வேறு இருக்காது. உங்கள் குழு குறிப்பிடத்தக்கதல்ல என்று ஒருவரிடம் சொன்னால், நீங்கள் பாடுவது பாட்டே அல்ல என்றுதான் அவர் காதில் விழும். சொல்லின் குற்றம் அது. விதி உண்மையில் கேட்பது மிக எளிய ஒன்று. அந்தக் குழுவோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் சில அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்கின்றனவா? எழுதியிருந்தால் அவற்றைக் கொண்டு கட்டுரை எழுதலாம். எழுதியிராவிட்டால் கட்டுரையில் எழுதுவதற்கு எதுவும் இல்லை, ஏனென்றால் கலைக்களஞ்சியம் பிறர் ஆராய்ந்து பதிந்ததைத் தொகுக்கும் இடம். தானே முதன்முதலாகக் கண்டு சொல்லும் இடம் அல்ல.

இசைக் குழுக்களுக்கென்று ஆங்கில விக்கிப்பீடியா தனியாகப் பன்னிரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. அவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலும் அந்தக் குழு குறிப்பிடத்தக்கதாக இருக்கக்கூடும் என்று கொள்ளப்படும். நாட்டின் விற்பனைத் தரவரிசையில் ஒரு பாடல் இடம்பெற்றிருக்க வேண்டும், அல்லது இசைத்தட்டு மிகுதியாக விற்றதற்கான தங்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும், அல்லது பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக இரண்டு தொகுப்புகளாவது வந்திருக்க வேண்டும், அல்லது கிராமி போன்ற பெரிய விருதுக்குப் பரிந்துரையாகியிருக்க வேண்டும், அல்லது ஒரு தேசிய வானொலியோ தொலைக்காட்சியோ அந்தக் குழுவைப் பற்றி அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியிருக்க வேண்டும். பட்டியல் இப்படியே போகிறது. தமிழில் நாங்கள் விவாதிக்கும்போதும் இந்தப் பட்டியலைத்தான் யாராவது எடுத்து வைப்பார்கள்.

பட்டியலை முதன்முறை படித்தபோது எனக்கு உடனே தோன்றியது, இதை எழுதியவர்கள் இசைக் குழு என்றால் இசைத்தட்டு வெளியிடும் குழு என்று எண்ணியே எழுதியிருக்கிறார்கள் என்பதுதான். அவர்கள் ஊரில் அது உண்மை. தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, பதிவு செய்து, விற்று, ஊர் ஊராகப் போய் அதே பாட்டை வாசித்து வளர்வதுதான் அங்கே ஒரு குழுவின் வாழ்க்கை. எங்கள் மாவட்டத்தில் மெல்லிசைக் குழுவின் வாழ்க்கை வேறு. அவர்கள் பாடுவது திரைப்பாடல். ஒரு பாடல்கூட அவர்களுடையது அல்ல. இருக்க வேண்டும் என்று கேட்பவர்களும் எதிர்பார்ப்பதில்லை. சௌந்தரராஜன் குரலுக்கு ஒருவர், சுசீலா குரலுக்கு ஒருவர், ஜானகி குரலுக்கு ஒருவர் என்று குரலுக்கு ஆள் வைத்துக்கொண்டு, சென்னையில் நாற்பது ஐம்பது பேர் அமர்ந்து வாசித்துப் பதிந்த ஒரு பாட்டை எட்டுப் பேரைக் கொண்டு திடலில் எழுப்பிக் காட்டுவதுதான் அவர்களுடைய திறமை. வருமானம் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி மாதத் திருவிழாக்களிலும் முகூர்த்த நாள் வரவேற்புகளிலும் இருக்கிறது. இசைத்தட்டும் தரவரிசையும் விருதும் அந்த வாழ்க்கையின் எந்த இடத்திலும் குறுக்கிடுவதே இல்லை. பன்னிரண்டு அளவுகோல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் பதினொன்று தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுவைத் தொடாமலே கடந்துபோகின்றன.

தொடக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு நகரத்தின் இசைச்சூழலுக்கு முதன்மையான பிரதிநிதியாக விளங்கும் குழு என்பது அது. எங்கள் ஊர்க் குழுவுக்கு இதைக் காட்டி வாதாடலாமே என்று அந்த இளைஞரும் எழுதினார். ஆனால் அந்த அளவுகோலுக்குப் பக்கத்திலேயே, மெய்ப்பிக்கத்தக்க சான்று முதலிய வழக்கமான தேவைகள் இதற்கும் பொருந்தும் என்ற நினைவூட்டல் இருக்கிறது. பிரதிநிதி என்று யார் சொன்னார்கள்? ஊரார் சொன்னார்கள். எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை. சுற்றிச் சுற்றி அதே திண்ணையில்தான் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் விதியைக் குறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னால் அப்படி முடியாது. பதினொரு ஆண்டுகளாகக் கட்டுரைகளைத் துப்புரவு செய்து வருகிறவன் என்ற முறையில், அந்த விதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குத் தாள் ஓர் எல்லையாக இருந்தது. இணையத்தில் தாள் கணக்கு இல்லையே, யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். குறைவது சரிபார்க்கும் கைகள். சான்றில்லாத கட்டுரை ஒன்றில் நாளை யார் எதை மாற்றினாலும், மாற்றியது சரியா தவறா என்று சொல்ல எவராலும் முடியாது.

ஒருமுறை வேறொரு ஊர்க் குழுவின் கட்டுரையில் அது நடந்தது. குழு இரண்டாகப் பிரிந்தது. கீபோர்டு வாசித்தவர் ஒரு பக்கம், மேடையை நடத்தியவர் ஒரு பக்கம். இருவரும் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். கட்டுரையில் நிறுவனர் என்ற இடத்தில் திங்கட்கிழமை ஒரு பெயர், செவ்வாய்க்கிழமை இன்னொரு பெயர். கைப்பேசி எண் மாறியது, மேடைப்படத்தில் ஒருவரின் பாதி உருவம் வெட்டப்பட்டது, உரையாடல் பக்கத்தில் குடும்பத்தை இழுத்துப் பேசினார்கள். எது உண்மை என்று அறிய எங்களுக்கு எந்த வழியும் இல்லை. ஒரே ஒரு நாளிதழ்க் கட்டுரை, ஒரே ஒரு நூலின் ஒரு பத்தி இருந்திருந்தால் அதைச் சுட்டி நிறுத்தியிருக்கலாம். கடைசியில் கட்டுரையை நீக்கினோம். அந்தக் குழுவுக்கு அந்தக் கட்டுரையால் நன்மை ஏதும் விளைந்ததாக நான் நினைக்கவில்லை.

வெளியுலகிலும் ஒரு செய்தி உண்டு. 2018 நவம்பரில் திரெட்டின் என்ற அமெரிக்க இசைக் குழு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் தொடங்கியது. நுழைவுச்சீட்டுகள் விற்றுவிட்டதாக அரங்குகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சமூக ஊடகங்களில் ஆயிரக்கணக்கான விசிறிகள் தெரிந்தார்கள். கச்சேரி அன்று அரங்குகள் வெறிச்சோடிக் கிடந்தன. விசிறிகள், விருது, இசை நிறுவனம் எல்லாம் இணையத்தில் கட்டப்பட்ட பொம்மை என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை மட்டும் வைத்து ஒரு கலைக்களஞ்சியம் எழுதக்கூடாது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். எங்கள் ஊர்க் குழு அப்படிப்பட்டது அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பது வாசகருக்குச் சான்று ஆகாது.

விதி தேவை என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு உறுத்தல் தொடங்கியது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் தம்பிகளுமாக ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார்கள். தம்பிகளில் ஒருவர் பதினான்கு வயதில் அந்தக் குழுவில் சேர்ந்தார். இன்று பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரை அறியாத தமிழ் இசை விரும்பிகள் குறைவு. 1976இல் அன்னக்கிளி வந்து இளையராஜா என்ற பெயர் எழுந்ததால், அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டார்கள். கேட்டதால் அந்தக் குழுவின் கதை எழுதப்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டில் எங்கள் அளவுகோலை அந்தக் குழுவின்மேல் வைத்திருந்தால் நானே நீக்கலாம் என்று எழுதியிருப்பேன். 1960களில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவும் இதே வகைதான். அனிருத்தா ஆர்மோனியம், இளையராஜா கிதார், பாஸ்கர் தாளம், கங்கை அமரன் கிதார் என்று இன்று அந்த வரிசையை நாம் சொல்லிவிடுகிறோம். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் இளமையில் தொடங்கிய நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவும் அவருடைய வாழ்க்கைக் குறிப்பின் ஒரு வரியாகவே நிலைத்திருக்கிறது.

இந்த மூன்றிலும் பின்னால் வந்த புகழ்தான் முன்னால் இருந்த குழுவின்மேல் விளக்கைத் திருப்பியிருக்கிறது. அதே ஆண்டுகளில், அதே கட்சி மேடைகளில், அதே கல்லூரி விழாக்களில் பாடிய பிற குழுக்கள் எத்தனை? அவற்றிலிருந்து யாரும் சென்னைக்கு ரயில் ஏறவில்லை, ஏறியவர்களும் வெல்லவில்லை என்பதனால் அவர்களுடைய பாட்டு கேட்கப்படாமல் போய்விட்டதா? அன்று பண்ணைப்புரத்துக் குழுவின் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தான் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது. பாட்டு நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். விக்கிப்பீடியாவில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாசகம் உண்டு: குறிப்பிடத்தக்கமை மரபுவழி வராது. புகழ்பெற்றவர் ஒருவர் இருந்தார் என்பதற்காக அவர் இருந்த குழு தானாகத் தகுதி பெறாது. ஆனால் நடைமுறையில், புகழ்பெற்றவர் வழியாகத்தான் நம் நாட்டில் ஒரு சிறு குழுவின் பெயர் அச்சுக்கே வந்து சேர்கிறது.

நம் மரபும் இதற்கு ஒரு காரணம். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாகசுரத்தை எங்கள் வட்டாரத்தில் இன்றும் பேசுகிறார்கள். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கையில் அவர் வாசித்ததை உலகமே கேட்டது. அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை. இசைத்தட்டு உண்டு, வானொலி உண்டு, நூல்கள் உண்டு. ஆனால் நாகசுரச் செட்டு என்பது நாயனக்காரர் பெயரில்தான் வழங்கும். இரண்டாம் நாயனமும் தவிலும் ஒத்தும் தாளமும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். மாவட்டக் கலை மன்றங்கள் வயதுக்கேற்ப வழங்கும் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி ஆகிய விருதுகளும் தனிக் கலைஞருக்கே உரியவை. அரசின் கலைமாமணியும் அப்படித்தான். அகில இந்திய வானொலி குரல்தேர்வு நடத்தித் தரம் பிரித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் தனியொருவருக்கு. எனவே நம் ஊர்களில் குழு என்பது ஒரு தனி அலகாகப் பதிவாவதே அரிது. ஒரு மெல்லிசைக் குழுவின் தபேலாக்காரர் கலைச் சுடர்மணி வாங்கியிருப்பார். அவர் முப்பது ஆண்டுகள் எந்தக் குழுவில் வாசித்து அந்த நிலைக்கு வந்தார் என்பது பாராட்டிதழில் இருக்காது.

ஒரு குழு விரைவாக வாசலைக் கடந்ததையும் பார்த்திருக்கிறோம். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2017இல் உருவாகி, 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து கொண்டுவந்த அந்தக் குழுவில் கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் பறை, சட்டி வாசிப்பவர்களும் இருந்தார்கள். நாட்டின் ஆங்கில நாளிதழ்களும் இதழ்களும் உடனே விரிவாக எழுதின. முதல் கச்சேரியிலேயே சான்றுகள் குவிந்துவிட்டன. அந்தக் கவனம் அவர்களுக்கு முற்றிலும் தகும். சாதிக்கு எதிராக அவர்கள் பாடியது செய்தியாகியே தீர வேண்டிய ஒன்று. நான் சொல்ல வருவது செய்தியாளரைப் பற்றி. கீழ்ப்பாக்கத்தில் ஒரு கச்சேரி நடந்தால் அதைக் கேட்டு எழுதும் வேலைக்கென்று ஓர் ஆள் அந்த நகரத்தில் இருக்கிறார். எங்கள் தாலுகாவுக்கு ஒரு செய்தியாளர். விபத்து, மழை, மனு நாள், ஆர்ப்பாட்டம், பொங்கல் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. இரவு இரண்டு மணிக்கு ஒரு பாடகி மேல்ஸ்தாயியில் நின்றதை அவர் எப்போது உட்கார்ந்து எழுதுவார்? அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் அளந்து எழுதும் ஆட்கள் எல்லா ஊரிலும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கடுமையானது. அங்கே கோவில் திருவிழாவில் தவில், நாகசுரத்துக்கு அடுத்தபடியாக இசைக்குழுக்களுக்கும் பெரிய கூட்டம் கூடிய காலம் உண்டு. அவற்றைப் பற்றி எழுதப்பட்டிருக்கக்கூடிய மலர்களும் சிற்றிதழ்களும் போரிலும் இடப்பெயர்விலும் சிதறின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. சான்று எங்கே என்று அந்த மண்ணைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்கும்போது நான் தயங்குவது இதனால்தான். ஆனால் நூலகம் என்ற மின்னூலகத் திட்டம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் விழா மலர்களையும் ஒவ்வொன்றாகத் தேடி மின்வருடி ஏற்றி வருகிறது. அந்தப் பக்கங்களிலிருந்து சான்று எடுத்து ஈழத்துக் கலைஞர்களைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கோவில் கும்பாபிசேக மலரில் வந்த இரண்டு பக்கம் ஒரு தவில்காரரை மறதியிலிருந்து மீட்டிருக்கிறது. எனக்கு வழிகாட்டியது அந்த உழைப்புதான்.

வாய்மொழியை நேரடியாகச் சான்றாக ஏற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முயற்சியும் நடந்திருக்கிறது. 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளையின் நிதியுதவியோடு மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ ஆகிய மொழிகளில், அச்சில் இல்லாத ஊர் வழக்கங்களை அறிந்தவர்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவுகளையே மேற்கோளாகக் காட்டிக் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். ஒரு விளையாட்டை எப்படி ஆடுவது, ஒரு சடங்கை எப்படிச் செய்வது என்பதற்கு இது நன்றாகவே பொருந்தும். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் ஒன்றையே சொல்வார்கள். ஒரு குழுவின் பெருமையை அந்தக் குழுவின் வாயாலேயே கேட்டு எழுதுவது வேறு. ஆங்கில விதியும் இசைக்கலைஞர் தம்மைப் பற்றித் தாமே பேசும் வெளியீடுகளைக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே வாய்மொழிப் பதிவு முதல் படி. வேறொருவர் அதைக் கேட்டு, பிறர் சொன்னதோடு ஒப்பிட்டு, ஒரு பொறுப்பான இடத்தில் அச்சேற்றுவது இரண்டாம் படி. அந்த இரண்டாம் படியைத்தான் நம்மில் யாரும் ஏறவில்லை.

நீக்கல் உரையாடல் முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகு அந்தக் குழுவை நடத்தியவரின் வீட்டுக்குப் போனேன். எழுபதை நெருங்குகிறார். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டே முப்பத்தொரு ஆண்டுகள் கச்சேரி நடத்தியவர். கட்டுரை வந்ததும் போனதும் அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னதும் வருத்தப்படவில்லை. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

பெட்டியில் நோட்டீசுகள் இருந்தன. ரோஸ், மஞ்சள், பச்சை நிறத் தாள்களில் அச்சடித்த விழா நோட்டீசுகள், ஆண்டுவாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியவை. ஒவ்வொன்றிலும் மேலே அம்மன் படம், கீழே உபயதாரர் பெயர்கள், நடுவில் கட்டம் கட்டி இரவு பத்து மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி என்ற வரி, அதன் கீழே குழுவின் பெயர். நாளிதழ் விட்ட பெயர் நோட்டீசில் இருந்தது. 2000த்துக்குப் பின் வந்த கட்டுகளைப் புரட்டியபோது கச்சேரி நேரம் மெல்ல மெல்ல முன்னே நகர்வதைப் பார்த்தேன்: ஒன்பது மணி, எட்டு மணி, ஏழு மணி. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று அந்த ஆண்டு வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், காவல் நிலையங்களின் வழியாக எங்கள் ஊருக்குள் படிப்படியாக வந்து சேர்ந்த வரலாறு அந்தத் தாள்களில் இருந்தது. விடிய விடியக் கச்சேரி என்ற ஒரு வடிவம் எப்படிச் சுருங்கியது என்று ஆராய்பவருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

நோட்டீசுக்கு அடியில் பாட்டு நோட்டுகள் இருந்தன. நீள அட்டை போட்ட கணக்கு நோட்டுகள், மொத்தம் பதினான்கு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. பல்லவிக்கு மேலே வலப்புறம் சிவப்பு மையில் சுருதி, இடப்புறம் அந்தப் பாட்டைப் பாடுபவரின் முதலெழுத்து. சரணங்களுக்கு நடுவே வரும் இடையிசையை அவர் தனக்கே உரிய குறியீட்டில் எழுதியிருந்தார். வயலின் வரும் இடத்தில் ஒரு வளைகோடு, புல்லாங்குழலுக்கு ஒரு வட்டம், அவற்றின் கீழே ஸ்வரங்கள். ஓர் இடத்தில் வளைகோட்டை அடித்துவிட்டு ஆர்மோனியம் என்று எழுதி ஒரு தேதி போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன். “வயலின் வாசிச்ச தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அன்னையில இருந்து அந்த இடத்தை நான்தான் வாசிச்சேன்” என்றார். ஒரு குழு எப்படி ஆள் இழந்து, கருவி இழந்து, கிடைத்ததைக் கொண்டு பாட்டை நிறுத்தியது என்பதை அந்த அடித்தல் ஒன்றே சொல்லியது. பன்னிரண்டாவது நோட்டோடு இடையிசைக் குறியீடுகள் நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு கரோக்கி வந்துவிட்டது. பாடுபவர் போதும், வாசிப்பவர் வேண்டாம்.

இவை எதுவும் இன்றைய நிலையில் விக்கிப்பீடியாவுக்குச் சான்று ஆகா. நோட்டீசு விளம்பரம், நோட்டு தனியாரின் கையெழுத்துப் படி. ஆனால் இவற்றை வைத்து ஒருவர் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினால், அல்லது ஒரு சிற்றிதழ் பத்துப் பக்கம் ஒதுக்கினால், அல்லது எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழா மலர் என்ற அளவைத் தாண்டி ஒரு பதிப்பகம் தென்மாவட்ட மெல்லிசைக் குழுக்களைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தால், அது சான்று. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பாதுகாத்து வைத்திருப்பதால்தான் பழைய நாடகக் குழுக்களைப் பற்றி இன்று எழுத முடிகிறது. அவற்றை அச்சடித்தவர்களும் வாங்கியவர்களும் அன்று அவற்றை ஆவணம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு முடிவுக்கும் வந்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் தனிக்கட்டுரை வேண்டும் என்று போராடுவதை நான் இனி ஆதரிக்கப்போவதில்லை. தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்கள் என்ற ஒரே கட்டுரை முழுமையாக, ஆழமாக, சான்றுகளோடு இருக்க வேண்டும். கருவிகள் எப்படி மாறின, கேசட் காலத்தில் என்ன நடந்தது, பெண் பாடகிகள் இரவுப் பயணத்தை எப்படிச் சமாளித்தார்கள், எந்தச் சாதித் தெருவில் மேடை போட்டார்கள், எங்கே போடவில்லை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தக் கட்டுரையின் ஒரு பத்தியில் எங்கள் ஊர்க் குழுவின் பெயர் ஒரு நல்ல சான்றோடு வந்தால், தொலைபேசி எண்ணோடு நின்ற ஏழு வரியைவிட அது அவர்களுக்குப் பெருமை. தனிக்கட்டுரைக்குத்தான் குறிப்பிடத்தக்கமை தேவை. ஒரு கட்டுரைக்குள் ஒரு வாக்கியமாக வருவதற்கு நம்பத்தக்க ஒரு சான்று போதும். இதை அன்று அந்த இளைஞரிடம் சொல்லாமல், நீக்கலாம் என்ற ஒற்றைச் சொல்லோடு போனது என் குற்றம். பிறகு அவருக்கு எழுதினேன். இப்போது நோட்டுகளைப் படம் எடுப்பவர் அவர்தான்.

முதல் நாள் போயிருந்தபோது பெரியவர் என்னிடம் கேட்டார்: “எங்க குழு பேரு அதுல வருமா தம்பி?”

“இப்ப வராது அண்ணாச்சி. முதல்ல யாராவது இதைப் பத்திப் புத்தகத்துல எழுதணும். அதுக்கப்புறம் வரும்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பதினான்கு நோட்டுகளையும் எடுத்து ஒரு துண்டில் கட்டி என் கையில் கொடுத்தார். “மூணாவது நோட்டுல நாப்பதாம் பக்கம் கிழிஞ்சிருக்கு. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். நீங்க அந்தப் பக்கத்துக்கு வரும்போது போன் பண்ணுங்க, சொல்றேன்” என்றார்.

சென்ற வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஆர்மோனியத்துக்குத் துருத்தித் தோல் மாற்றி வைத்திருப்பதாகச் சொன்னார்.